சும்மா நடக்கிறவர்கள்

1970களில் மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் உடற்பயிற்சி செய்தவர் ஒரே ஒருவர். கோடி வீட்டு மாடியில் குடியிருந்த பிரம்மச்சாரி. விடியற்காலையில் மொட்டைமாடியில் லங்கோடு கட்டிக்கொண்டு தண்டால் எடுப்பார், பஸ்கி போடுவார், கர்லாக்கட்டை சுற்றுவார். தெருவுக்கு அவர்மேல் மரியாதை இருந்தது என்று சொல்ல முடியாது. "வேலை வெட்டி இல்லாதவன், உடம்பை வளர்க்கிறான்" என்பதே பொது அபிப்பிராயம். வேலை வெட்டி இருந்தவர்களுக்கு உடம்பை வளர்க்க நேரமும் இல்லை, வளர்க்கிற அளவுக்கு ரேஷனில் அரிசியும் இல்லை.

நடப்பதற்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. சாயங்காலம் தெருவில் போகிறவரை நாலு திண்ணையிலிருந்தாவது "எங்கே கிளம்பிட்டீங்க?" என்று கேட்பார்கள். "ரேஷன் கடைக்கு", "மளிகைக்கு", "சைதாப்பேட்டைக்கு ஒரு சாவு" என்று ஏதாவது சொல்லியாக வேண்டும். "சும்மா, ஒரு நடை போயிட்டு வரேன்" என்று யாராவது சொன்னால் அவர் வீட்டில் சண்டை என்று புரிந்துகொள்வார்கள்.

இப்போது நான் இருப்பது மேடவாக்கம் தாண்டி ஓர் அடுக்ககத்தில். இங்கே சும்மா நடப்பது ஒன்றுதான் கௌரவமான நடை. அதற்கென்றே கட்டடங்களைச் சுற்றிச் சிவப்புக் கல் பதித்த பாதை, மூலைக்கு மூலை விளக்கு. காரணத்தோடு நடக்கிறவர்கள், அதாவது பால் போடுகிறவர், இஸ்திரிக்காரர், வீட்டு வேலைக்கு வருகிற பெண்கள், எல்லோரும் கேட்டில் நோட்டில் பெயர் எழுதிவிட்டு உள்ளே வரவேண்டும்.

அந்தக் காலத்தில் நகரம் எங்களைக் கேட்காமலேயே எங்களிடம் வேலை வாங்கிக்கொண்டது. முதல் வேலை தண்ணீர். கல்யாணமாகி நான் போனது பிறந்த வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் இரண்டாவது மாடிக்கு. குழாயில் தண்ணீர் வருகிற நேரம் விடியற்காலை. அது மாடிவரை ஏறுகிற அளவுக்கு ஆர்வத்தோடு ஒருநாளும் வந்ததில்லை. கீழே அடி பம்பு. முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, காற்று போகும்வரை அடித்து, பிறகு குடம் நிரம்பும்வரை அடித்து, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் படியேற வேண்டும். ஒரு பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் பன்னிரண்டு, பதினைந்து கிலோ இருக்கும். இரண்டு கையிலும் கனமான குண்டைத் தூக்கிக்கொண்டு இங்கிருந்து அங்கே நடக்கிற ஒரு பயிற்சியை என் மகள் ஜிம்மில் கற்றுக்கொண்டு வந்து காட்டினாள். அதற்கு 'ஃபார்மர்ஸ் வாக்' என்று பெயராம். எந்த ஊர் விவசாயியோ! எங்கள் தெருவில் அதை மெட்ரோ வாட்டர் என்று சொல்வோம். 2003, 2004 வறட்சியில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டதும் குடத்தோடு படியிறங்கி ஓடினோமே, அதுதான் நான் வாழ்க்கையில் ஓடிய கடைசி ஓட்டம். பிறகு வீராணம் ஏரித் தண்ணீர் வந்தது. மோட்டார், மேல்நிலைத் தொட்டி, குழாய் என்று வந்த பிறகு ஓடுவதற்கு ஒன்றுமில்லை.

அடுத்தது மாவு. அம்மாவின் ஆட்டுக்கல் பின்கட்டில் இருந்தது. இட்லிக்கு அரிசியும் உளுந்தும் ஆட்டி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இடது கையால் மாவைத் தள்ளிவிட்டு வலது கையால் குழவியைச் சுற்றுவாள். கோயம்புத்தூர்க்காரர்கள் 1950களிலேயே கிரைண்டரைக் கண்டுபிடித்துவிட்டாலும் அது எங்கள் வீட்டுக்கு வந்து சேர 80களாகிவிட்டது. வந்த அன்று அம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். முதல் இட்லியைச் சாப்பிட்ட அப்பா, "என்ன இருந்தாலும் ஆட்டுக்கல் மாவு ருசி வராது" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. மறுநாள் ஆட்டுக்கல்லைக் கொல்லைச் சுவரோரம் புரட்டித் தள்ளிவிட்டாள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பழைய காலத்து உழைப்பைப் பற்றி இப்போது உருகி உருகிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அன்றைக்கு ஆட்டுக்கல் பக்கமே போகாதவர்கள். எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒருமுறை அம்மி, உரல், உலக்கையின் படம் வரும். கீழே, நம் பாட்டிமார்களுக்குச் சர்க்கரை வியாதி வரவில்லை, ஏன் தெரியுமா என்று ஒரு கேள்வி. பாட்டிமார்களுக்கு யாரும் சர்க்கரை பார்க்கவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். என் அம்மாவின் முழங்கால் ஐம்பதிலேயே போயிற்று. தோள் அதற்கும் முன்னால். 2011இல் தமிழ்நாடு அரசு வீட்டுக்கு வீடு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தபோது எவ்வளவு பெண்கள் கும்பிட்டு வாங்கிப்போனார்கள்! உடற்பயிற்சியைக் குறைக்கிற திட்டம் இவ்வளவு பிரபலமாகும் என்று எந்தச் சுகாதாரத் துறையும் எதிர்பார்த்திருக்காது. ஆட்டுக்கல்லும் வீணாகவில்லை. எங்கள் அடுக்ககத்து நுழைவாயிலில் ஒன்று இருக்கிறது. குழியில் தண்ணீர் ஊற்றி, செவ்வந்தி மிதக்கவிட்டிருக்கிறார்கள்.

அப்பாவுக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் சைக்கிளில் சைதாப்பேட்டைப் பாலம் ஏறி இறங்கிப் போவார். மழையானாலும் வெயிலானாலும் அதுதான் வண்டி. இரவில் டைனமோ விளக்கு எரியாவிட்டால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார், அன்றைக்குக் கூடுதல் நடை. சைக்கிள் மிதித்தவர்களுக்கு நெஞ்சுவலி வராது என்று இன்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் சபை நாகரிகம் கருதிச் சும்மா இருந்துவிடுவேன். அப்பா ஐம்பத்தெட்டு வயதில் நெஞ்சுவலியில்தான் போனார். சைக்கிளை விட அவருக்கு நெருக்கமான சிநேகிதம் சிகரெட்டோடு.

நான் பாரிமுனையில் ஒரு வங்கியில் வேலை பார்த்தேன். மாம்பலத்தில் மின்சார ரயில், கடற்கரை நிலையத்தில் இறக்கம், அங்கிருந்து நடை. மாம்பலம் நிலையத்தில் ரயிலைப் பிடிப்பதே ஒரு விளையாட்டுப் போட்டி. கீழே பிளாட்பாரத்தில் வண்டி நிற்கும், நாம் மேலே பாலத்தில் இருப்போம். இப்போது அங்கிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை 570 மீட்டருக்கு ஆகாய நடைபாதை போட்டிருக்கிறார்கள். 2023இல் திறந்தார்கள். நடைக்காகக் கட்டிய அந்தப் பாலத்தில் ஏற லிஃப்ட் உண்டு, எஸ்கலேட்டரும் உண்டு. கிண்டல் செய்யவில்லை, என் முழங்காலுக்கு அது பெரிய உபகாரம்.

வங்கிக்குள்ளும் உட்கார விடமாட்டார்கள். லெட்ஜர் ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம். கவுன்டரிலிருந்து அதிகாரி மேசைக்கு, அங்கிருந்து கேஷுக்கு, மறுபடி அலமாரிக்கு. 90களில் கம்ப்யூட்டர் வந்தது. லெட்ஜர் திரைக்குள் போயிற்று, கையெழுத்துத் திரைக்குள் போயிற்று, அதிகாரியும் ஏறக்குறைய திரைக்குள்ளேயே போய்விட்டார். ஓய்வுபெறும் காலத்தில் என் உடம்பில் பகல் முழுக்க அசைந்தவை விரல்கள்தான்.

உட்கார்ந்து செய்கிற வேலை ஆளைக் கொல்லும் என்பதற்கு முதல் பெரிய சான்று ஒரு பேருந்திலிருந்து வந்தது. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டனின் மாடிப் பேருந்துகளில் வேலை செய்தவர்களை ஆராய்ந்து 1953இல் வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. அருமையான ஆய்வு. ஆனால் அவர் சென்னைக்கு வந்திருந்தால் திண்டாடிப் போயிருப்பார். எங்கள் பல்லவன் பேருந்தில் கண்டக்டர் பின்வாசல் பக்கத்து சீட்டை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். காசும் டிக்கெட்டும் பயணிகள் கைமாற்றிப் போய்ச் சேரும். "பாஸ் பண்ணுங்க, பாஸ் பண்ணுங்க" என்பதோடு அவருடைய உழைப்பு முடிந்தது. ஒரே உத்தியோகம்தான், ஊரையும் பேருந்தையும் பொறுத்து ஒருவர் ஏறி இறங்கினார், இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். இதில் சோம்பல், சுறுசுறுப்பு என்று எதைச் சொல்வது?

ஆனால் எனக்கு வாய்த்த மருத்துவர் எல்லாவற்றையும் சோம்பலில் கொண்டுபோய் முடிப்பார். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "வாக்கிங் போறீங்களாம்மா?" என்றார்.

"வீட்டு வேலையே சரியா இருக்கு, டாக்டர்."

"வீட்டு வேலையெல்லாம் எக்சர்சைஸ் ஆகாதும்மா. மனசு வெச்சா அரை மணி நேரம் கிடைக்காதா?"

அவரைக் குறை சொல்லமுடியாது. அன்றைக்கு உலகத்தின் கணக்கும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. 2010இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன விதிப்படி, ஒரே தொடர்ச்சியாகப் பத்து நிமிடமாவது உடலை வருத்தினால்தான் அது கணக்கில் சேரும். நடுவில் குக்கர் விசில் அடித்து உள்ளே ஓடினால் போச்சு. 2020இல் அந்தப் பத்து நிமிட நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு போதும், துண்டு துண்டாக இருந்தாலும் பரவாயில்லை என்றார்கள். துணி உலர்த்த மாடியேறியதும் பெருக்கியதும் கணக்கில் சேரலாம் என்று ஆனபோது எங்கள் வீட்டில் துணி உலர்த்தும் மெஷினே வந்துவிட்டது.

கணக்கு மாறினாலும் தேறியவர்கள் குறைவு. 2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வின்படி, இந்தியாவில் போதுமான அளவு உடலை அசைக்காத பெரியவர்கள் 2000இல் சுமார் 22 சதவீதம். 2022இல் அது கிட்டத்தட்ட 50. ஆண்களில் 42, பெண்களில் 57. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தேசத்தில் இன்னும் கால்வாசிப் பேர் திடீரென்று மனசு வைக்காமல் போய்விட்டார்கள் என்று நம்புவதற்கு எனக்குக் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது. மனசு அப்படியேதான் இருந்திருக்கும். அடி பம்பும் லெட்ஜரும் போயிருக்கின்றன. அந்த இடத்தில் வேறெதையும் யாரும் வைக்கவில்லை.

நடக்க என்ன வேண்டும், செருப்பும் மனசும் போதாதா என்று கேட்பார்கள். எங்கள் கேட்டிலிருந்து மளிகைக் கடை கண்ணுக்குத் தெரிகிற தூரம். ஆனால் நடுவில் சாலை. கடக்கக் கோடு இல்லை. சென்டர் மீடியன் என் இடுப்பு உயரம். நடைபாதையில் முதலில் மின்வாரியப் பெட்டி, அப்புறம் டிபன் கடை, அப்புறம் வரிசையாக பைக்குகள், அப்புறம் மூடியில்லாத மழைநீர்க் கால்வாய். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தெரு நாய்களுக்குக் குத்தகை. சித்திரை முதல் ஆடி வரை காலை ஏழு மணிக்கே வேர்வை ஆறாக ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் கால்வாயும் சாலையும் ஒன்றாகிவிடும். மீதி இருக்கிற தை, மாசி கல்யாண மாதங்கள். இத்தனையையும் தாண்டி நடந்தால் கழுத்துச் சங்கிலியை முந்தானையால் மூடிக்கொண்டு, பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடக்கவேண்டும். இதயத் துடிப்பு கூடும் என்பது உண்மை. ஆக, போனில் சொல்லிவிடுகிறோம். ஒரு பையன் கொத்தமல்லிக் கட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பார்வையாளர் லிஃப்டில் ஏறக்கூடாது என்ற விதிப்படி படியில் இறங்கிப் போகிறான்.

பூங்காவில் நடப்பதற்குக் காரில் போகிறவர்களைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது; விட்டுவிடுகிறேன். ஆனால் மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவுக்கோ தி.நகர் நடேசன் பூங்காவுக்கோ காலை ஆறு மணிக்குப் போனால் ஒன்றைக் கவனிக்கலாம். வேகமாக நடக்கிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், அதிலும் ஓய்வுபெற்றவர்கள். இவர்களுக்கெல்லாம் காலைக் காபி எங்கேயோ ஒரு வீட்டில் யாரோ கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். நடந்து முடித்து வாசலில் அருகம்புல் சாறு குடித்து, ஆரோக்கியத்தைப் பற்றி விவாதித்து, பக்கத்து ஹோட்டலில் பொங்கல், வடை முடித்துவிட்டு எட்டரைக்குத் திரும்புவார்கள். அந்த நேரத்தில் பேரனுக்கு யூனிபார்ம் மாட்டிக்கொண்டிருக்கிறவளிடம், "நீயும் வரலாம்ல" என்று பெருந்தன்மையாகச் சொல்வார்கள். என் வீட்டுக்காரரும் சொல்கிறார். நல்ல மனிதர்.

மனசு எங்கிருந்து வருகிறது என்பதற்கு அண்ணாநகர்ப் பக்கம் ஒரு கதை இருக்கிறது. 1990களின் கடைசியில் சென்னையில் சர்க்கரை நோய் பற்றி ஆராய்ந்த மருத்துவர்கள் ஒரு நடுத்தர வர்க்கக் காலனியில் கணக்கெடுத்தார்கள். வாரத்தில் மூன்று தடவைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14 சதவீதம் பேர். மருத்துவர்கள் கூட்டம் போட்டுப் பேசினார்கள். கேட்டுக்கொண்டிருந்த மக்கள், நடக்கத் தயார், எங்கே நடப்பது என்றார்கள். பிறகு தாங்களே பணம் திரட்டிக் காலனிக்குள் ஒரு பூங்கா அமைத்துக்கொண்டார்கள். சில வருடம் கழித்து மறுபடி கணக்கெடுத்தால் 14 என்பது 59 சதவீதத்தை நெருங்கியிருந்தது. 2006இல் இதை ஓர் ஆய்விதழில் வெளியிட்டார்கள். அதே காலனிதான். மருத்துவர் பேச்சுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் சாலையில் நின்றுகொண்டு அதே பேச்சைப் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். முதலில் பேச்சாளரை ஓரமாக இழுத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

அரசும் சும்மா இருக்கவில்லை. சென்னை மாநகராட்சி 2014இலேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்று ஒரு கொள்கை போட்டது. 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறந்தார்கள், நிஜமாகவே அழகு. அதற்குப் பக்கத்தில் பலமாடிக் கார் நிறுத்தமும் கட்டினார்கள், நடக்க வருகிறவர்களின் வசதிக்காக. 2023இல் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டம்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை குறித்தார்கள். கடைக்குப் போகிற முந்நூறு மீட்டருக்குத்தான் இன்னும் திட்டம் வரவில்லை.

எங்கள் அடுக்ககச் சங்கம் போன வருடம் தானே ஒரு திட்டம் போட்டது. காலடிப் போட்டி. ஆளுக்கு ஒரு கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு தினம் பத்தாயிரம் காலடி நடக்கவேண்டும். பத்தாயிரம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று சங்கச் செயலாளருக்குத் தெரியாது. டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அடுத்த வருடம், 1965இல், ஒரு ஜப்பானியக் கம்பெனி காலடி எண்ணும் கருவியை விற்பதற்காக வைத்த பெயர் அது: பத்தாயிரம் காலடி மானி. விளம்பரத்துக்காகப் பிறந்த எண் அறுபது வருடம் கழித்து மேடவாக்கத்தில் என் வீட்டுக்காரரை இரவு பதினோரு மணிக்கு ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடக்கவிட்டது.

ஒருநாள் காலை என் பேத்தி அந்தக் கடிகாரத்தை எடுத்து, எங்கள் வீட்டு வேலைக்கு வருகிற அக்கா கையில் கட்டிவிட்டாள். அக்கா பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் இருப்பவர். அங்கே லிஃப்ட் இருக்கிறது, ஓடுவது அதன் இஷ்டம். நடந்துதான் வருவார். இந்த அடுக்ககத்திலேயே அவருக்கு ஐந்து வீடு. பெருக்கி, துடைத்து, பாத்திரம் தேய்த்து, பத்து மாடிக் கட்டடத்தில் இந்தத் தளத்துக்கும் அந்தத் தளத்துக்கும் போய்வந்து, மதியம் எங்கள் வீட்டுக்கு மறுபடி வந்தபோது பேத்தி கடிகாரத்தைப் பார்த்துக் கத்தினாள். பத்தாயிரம் எப்போதோ தாண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் அந்தக் கணக்கைச் செயலியிலிருந்து அழிக்கவில்லை என்பதையும், அந்த வாரம் அவர் மூன்றாம் இடத்துக்கு முன்னேறினார் என்பதையும் நான் இதுவரை வெளியில் சொன்னதில்லை.

இத்தனை நடந்தும் அக்காவுக்குச் சர்க்கரை இருக்கிறது, ரத்த அழுத்தமும் இருக்கிறது. வீடு தேடி மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிற அரசு ஊழியர் அவரிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார்.

"தெனம் அரை மணி நேரம் நடக்கணுமாம்மா. எப்பம்மா நடக்கறது?"

கேள்வி நியாயமானது. பிழைப்புக்காக நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து தூக்குகிற உடம்புக்கு, ஓய்வாக அரை மணி நடக்கிற உடம்புக்குக் கிடைக்கிற நன்மை கிடைப்பதில்லை. சில சமயம் இதயத்துக்குக் கெடுதலாகவே முடிகிறது என்று டென்மார்க் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். வேகத்தை உழைக்கிறவர்கள் முடிவு செய்வதில்லை, எப்போது நிறுத்துவது என்பதையும் முடிவு செய்வதில்லை. என் அம்மாவின் முழங்காலைப் பற்றி யாராவது டென்மார்க்கிலிருந்து வந்து கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

இந்தத் தைக்கு அக்காவின் மகன் பழைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டி, சீட்டுக்குப் பொட்டு வைத்து, அக்கா அதில் வந்து கேட்டில் இறங்கிய அன்று வாட்ச்மேன் எழுந்து நின்றார். முன்பெல்லாம் வந்ததும் வாசல்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்குவார். அன்று நேரே உள்ளே வந்து, சாவியை மேசைமேல் சத்தம் கேட்கும்படி வைத்தார். என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டு, உண்மையான வருத்தத்தோடு சொன்னார்:

"அடடா, தெனம் நல்லா நடந்துக்கிட்டு இருந்தீங்களேம்மா. உடம்புக்கு எவ்ளோ நல்லது!"

"நீங்க நடங்க, சார்" என்று சொல்லிவிட்டு அக்கா துடைப்பத்தை எடுத்தார்.